செய்தியில் வந்தது எங்கள் நிகழ்ச்சிதானே, அந்தக் காணொளி எங்களுடையதில்லையா?

கேள்வி: எங்கள் நலன்புரிச் சங்கம் நடத்திய இரத்ததான முகாமைத் தனியார் தொலைக்காட்சி ஒன்று இரவுச் செய்தியில் காட்டியது. ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட வரும். அதைச் சங்கத்தின் இணையத்தளத்தில் போட ஆசைப்படுகிறோம். ஒருவர் 25,000 ரூபா தந்தால் ‘உரிமையோடு’ எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். எங்கள் நிகழ்ச்சியை நாங்கள் போடுவதற்கு ஏன் காசு?
– செயலாளர், கொழும்பு 13

பதில்: அந்த 25,000 ரூபாவைக் கொடுக்காதீர்கள். முதல் வேலை அதுதான்.

இந்த மாதிரி ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். ‘உள்ளே எனக்கு ஆள் இருக்கிறது’ என்பார்கள். இரண்டு நாளில் ஒரு பென் டிரைவும், ரப்பர் முத்திரை குத்திய ஒரு கடதாசியும் வரும். சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய மாணவர் சங்கம் அப்படி வாங்கிய கடதாசியை என்னிடம் கொண்டுவந்து காட்டியது. கையெழுத்துப் போட்டவரின் பெயர் இல்லை, பதவி இல்லை, தொலைக்காட்சியின் பெயரிலேயே ஓர் எழுத்துப் பிழை. பென் டிரைவில் இருந்ததோ யூடியூபில் இருந்து இறக்கிய அதே துண்டு. மூலையில் இருந்த இலச்சினையை மட்டும் மங்கலாக்கியிருந்தார்கள். சும்மா எடுத்துப் போட்டிருந்தால் அறியாமல் செய்தோம் என்றாவது சொல்லலாம். இலச்சினையை அழித்த பிறகு அதையும் சொல்ல முடியாது.

இன்னொரு வகையினர், ‘புலமைச் சொத்து அலுவலகத்தில் உங்கள் பெயரில் பதிந்து தருகிறேன்’ என்பார்கள். டீ. ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கும் அந்த அலுவலகம் வர்த்தகக் குறிகளையும் ஆக்கவுரிமங்களையும் பதியும். பதிப்புரிமைக்கு இலங்கையில் பதிவே கிடையாது. இல்லாத பதிவுக்குக் கட்டணம் வாங்குகிறவரை என்னவென்று அழைப்பது என்று நீங்களே முடிவுசெய்யுங்கள்.

இனி உங்கள் கேள்வி. நிகழ்ச்சி உங்களுடையது, மண்டபம் உங்களுடையது, கட்டிலில் படுத்து இரத்தம் கொடுத்தது உங்கள் பொருளாளராகவும் இருக்கலாம். ஆனால் படம் பிடித்தது அவர்களுடைய கமரா என்றால் படம் அவர்களுடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒளிபரப்பு நிறுவனத்துக்கு அதன் ஒளிபரப்பின்மேல் தனியாகவே ஓர் உரிமை கொடுக்கிறது, 50 வருடங்களுக்கு.

படித்தவர்களே வழுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. அதே சட்டத்தில் ‘அன்றாடச் செய்திக்குப் பாதுகாப்பில்லை’ என்று ஒரு பிரிவு வருகிறது. இதை அச்செடுத்து, மஞ்சள் மையால் கோடு போட்டு, ‘பாருங்கள் ஐயா, செய்தி எல்லோருக்கும் பொது’ என்று என் மேசையில் வைத்தவர்கள் பலர். செய்தி பொதுதான். கொட்டாஞ்சேனையில் முகாம் நடந்தது, இத்தனை பேர் இரத்தம் கொடுத்தார்கள், இன்ன வைத்தியர் வந்தார் என்பதெல்லாம் எவருக்கும் சொந்தமில்லை. தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டீர்கள் என்றாலும் அதை உங்கள் சொந்த வசனத்தில் இணையத்தளத்தில் எழுதலாம், யாரையும் கேட்கத் தேவையில்லை. ஆனால் அந்தச் செய்தியைக் காட்டிய படம், வாசித்த குரல், எழுதிய வசனம் மூன்றும் வேறு. அரிசி சந்தையில் எல்லோருக்கும் பொது. அடுத்த வீட்டுப் பானையில் வெந்த சோறு அடுத்த வீட்டாருடையது. பிரிவு பேசுவது அரிசியைப் பற்றி. நீங்கள் கேட்பது சோற்றை.

‘30 விநாடிக்குள் என்றால் பரவாயில்லையாமே?’ அப்படி ஒரு வரி சட்டத்தில் இல்லை. ‘நன்றி: இன்ன தொலைக்காட்சி என்று கீழே போட்டால்?’ நல்ல பழக்கம், ஆனால் அனுமதி ஆகாது. நடப்புச் செய்தி சொல்வதற்குச் சிறு துண்டைப் பயன்படுத்த இடம் இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். நீங்கள் செய்தி சொல்லப்போவதில்லை, சங்கத்தின் பெருமையைச் சுவரில் மாட்டப்போகிறீர்கள். அதை மறந்துவிடுங்கள்.

காசில்லாத வழி உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பெரும்பாலான தொலைக்காட்சிகள் இரவுச் செய்தியைத் தங்கள் யூடியூப் பக்கத்தில் ஏற்றுகின்றன. திகதியை வைத்துத் தேடுங்கள். தொலைக்காட்சியின் சொந்தப் பக்கமாக இருக்கவேண்டும். வேறு யாரோ பதிந்து ஏற்றிய பிரதி வேண்டாம். கண்டுபிடித்ததும் ‘பகிர்’ பொத்தானை அழுத்தினால் எம்பெட் என்று ஒரு தெரிவு வரும். அது தரும் குறியீட்டை உங்கள் இணையத்தளத்தைச் செய்கிற தம்பியிடம் கொடுங்கள். முழுச் செய்தியும் ஓடுமே என்று கவலைப்படவேண்டாம். உங்கள் துண்டு 12 நிமிடம் 34ஆவது விநாடியில் தொடங்கினால் தொடக்கம் 754, முடிவு 854 என்று விநாடிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். சரியாக அந்த 100 விநாடி மட்டும் ஓடும். படம் அவர்களுடைய இடத்திலேயே இருக்கிறது, நீங்கள் பிரதி எடுக்கவில்லை. அவர்கள் அதை நீக்கினால் உங்கள் பக்கத்தில் கறுப்புப் பெட்டிதான் மிஞ்சும். அது ஒன்றுதான் குறை.

தம்பி கெட்டிக்காரத்தனமாக ‘இறக்கி நம்முடைய சங்கப் பக்கத்திலேயே ஏற்றிவிடுகிறேன்’ என்றால் தடுத்துவிடுங்கள். 90 நாட்களுக்குள் மூன்று பதிப்புரிமை எச்சரிக்கை விழுந்தால் யூடியூப் அந்தப் பக்கத்தையே மூடிவிடும். பத்து வருடத்துப் பொங்கல் விழாக்களும் அதோடு போகும்.

யூடியூபில் இல்லையென்றால் கடிதம்தான். சங்கத்தின் கடிதத்தலைப்பில், செய்திப் பிரிவின் பொறுப்பாளருக்கு எழுதுங்கள்: என்ன திகதி, எத்தனை மணிச் செய்தி, எந்தத் துண்டு, எந்த இணையத்தளம், எவ்வளவு காலத்துக்கு. பேஸ்புக்கிலும் போடுவதென்றால் அதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். பிரதி எடுத்துத்தரக் கட்டணம் கேட்டால் நேரே நிறுவனத்துக்குக் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். ‘சரி, போடுங்கள்’ என்று தொலைபேசியில் சொன்னது பதில் இல்லை. இரண்டு வரி மின்னஞ்சலாவது வேண்டும்.

பதில் வருமா என்று கேட்காதீர்கள். ஓர் ஒளிபரப்பு நிறுவனத்துக்கு நான் தமிழில் எழுதிய கடிதம் நான்கு மேசை சுற்றியது. செய்திப் பிரிவு நூலகத்தைக் காட்டியது, நூலகம் சந்தைப்படுத்தலைக் காட்டியது, சந்தைப்படுத்தல் ‘இதைச் சிங்களத்தில் தரமுடியுமா’ என்று கேட்டது. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பு சொல்லி எத்தனை வருடம்! தரகர் பிழைப்பது நம்முடைய அறியாமையால் மட்டுமில்லை, இந்த நான்கு மேசைகளாலும்தான். ஒரு மாதம் பொறுத்து, அதே கடிதத்தின் பிரதியோடு நேரில் போங்கள்.

ஒரு சந்தேகம். தொலைக்காட்சிக்காரர் உண்மையில் முகாமுக்கு வந்தார்களா? நம்மவர்களின் நிகழ்ச்சிகளுக்கு அநேகமாகக் கமரா வருவதில்லை. நாமே ஒரு கல்யாணக் கமராக்காரரைப் பிடித்து எடுப்பித்து, அதைச் செய்திக்கு அனுப்பிவைப்போம். உங்கள் விஷயமும் அப்படியென்றால் இதுவரை சொன்ன எதுவும் தேவையில்லை. செய்தி வாசிப்பவரின் குரல் இல்லாத மூலப்படத்தை அவரிடம் வாங்கி, ‘சங்கம் எங்கும் பயன்படுத்தலாம்’ என்று ஒரு வரி எழுதி ஒப்பமும் வாங்கிப் போடுங்கள். இன்றைக்கே தொலைபேசி எடுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு முன் அவர் மெமரி கார்டை அழித்துவிடுவார்.