சிறகு மேலேயா, கீழேயா? பழைய விமானங்கள் பற்றிக் கேள்வி பதில்

நான் பிறந்தது சீனக்குடா. ரத்மலானை ஹாங்கரில் 1967 முதல் 1978 வரை எஞ்சின் பிரித்துப் பூட்டினவன். இப்போது உப்புவெளியில் இருக்கிறேன். பழைய பயணிகள் விமானங்களைப் பற்றித் திருகோணமலைக்காரர் கேட்ட கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன். முதலில் ஒன்று: வீட்டில் பழைய விமானப் படம் இருந்தால் லெமினேட் செய்யாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கேள்வி (நிலாவெளி): ஐயா, ஏர் சிலோனின்ர முதல் பிளேன் எது? எங்க பறந்தது?

பதில்: ஏர் சிலோன் என்பது அந்நாளைய நம் நாட்டு விமான நிறுவனம். முதல் பயணம் 1947 டிசம்பர் 10. 'சீதாதேவி' என்ற டகோட்டா (டிசி-3, இரண்டு எஞ்சின் விசிறி விமானம்) கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானையில் எழும்பி, காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து மதராசுக்குப் போனது. சுதந்திரம் கிடைப்பதற்கு இரண்டு மாதம் முன்பு. அப்போது மூன்று டகோட்டாக்கள்தான்: சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி. மூன்றுக்கும் பெண்களின் பெயர்.

கேள்வி (தம்பலகாமம்): அங்கிள், டகோட்டாவுக்குள்ள ஏறினா மேடு ஏறுற மாதிரி இருக்கும் எண்டு அப்பா சொல்லுவார். உண்மையா?

பதில்: உண்மை, பிள்ளை. இந்தக் கேள்விக்கு நான் நீளமாகத்தான் எழுதுவேன்.

டகோட்டாவுக்கு முன்பக்கம் இரண்டு பெரிய சில்லு, வாலில் ஒரு சின்னச் சில்லு. தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும், வால் நிலத்தில் கிடக்கும். கதவு வால் பக்கம். உள்ளே வந்தால் நடைபாதை முழுவதும் ஏற்றம். வயதானவர்கள் சீற்றின் முதுகைப் பிடித்துப் பிடித்துத்தான் முன்னுக்குப் போவார்கள். ஓடுபாதையில் வேகம் பிடித்ததும் முதலில் வால் எழும்பும். அந்த நேரம் உள்ளே இருக்கிற எல்லோரும் ஒரே அடியாக நிமிர்வார்கள். அப்பா அந்த நிமிடத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்.

காலையில் எஞ்சினை இயக்கும் முன் எங்களுக்கு ஒரு வேலை உண்டு. பதினான்கு சிலிண்டர் வட்டமாக அடுக்கிய எஞ்சின் அது, 1,200 குதிரைவலு. இரவு முழுவதும் நின்றால் எண்ணெய் வடிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கும். அப்படியே இயக்கினால் எண்ணெயை அமுக்க முடியாமல் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். அதனால் விசிறியைக் கையால் பிடித்து ஒவ்வொரு இதழாகச் சுற்றுவோம். எங்காவது இறுகினால் நிறுத்த வேண்டும். அடியிலுள்ள பிளக்கைக் கழற்றினால் கறுத்த எண்ணெய் கையில் வழியும். பிறகு இயக்கும்போது ஒரு இருமல், இன்னொரு இருமல், நீலப் புகை, அதற்குப் பிறகுதான் சீராகப் பிடிக்கும். அந்த வாசம் எனக்கு இன்றும் மூக்கில் இருக்கிறது.

உள்ளே காற்றழுத்தம் கிடையாது. அதனால்தான் பஞ்சும் டொபியும் தருவார்கள். காது அடைக்காமல் இருக்க டொபி, சத்தத்துக்குப் பஞ்சு.

கேள்வி (மூதூர்): வாப்பாட பழைய ஏர் சிலோன் டிக்கட் இருக்கு. எவ்வளவுக்குப் போகும்?

பதில்: விலை சொல்ல மாட்டேன். வைத்திருங்கள்.

கேள்வி (கன்னியா): அண்ணை, சின்ன வயசில அம்மாவோட ரத்மலானையில இருந்து இங்க அவ்ரோவில வந்தனான். யன்னலால பாத்தா சிறகு தலைக்கு மேல இருந்துது. கீழ கொட்டியாரக் குடா முழுக்கத் தெரிஞ்சுது. இறங்கேக்க வயித்துப் பக்கத்தில இருந்து சில்லு வெளிய வந்ததையும் பாத்தனான். அந்த அவ்ரோ இப்ப எங்க?

பதில்: தங்கச்சி, நீங்கள் வந்தது அவ்ரோ இல்லை. அவ்ரோ 748 என்ற பிரித்தானிய விசிறி விமானத்துக்குச் சிறகு கீழே. யன்னலுக்கு வெளியே சிறகின் மேல்பக்கம்தான் தெரியும். சில்லு முன்பக்கமாக மடிந்து எஞ்சின் கூட்டுக்குள் போகும். பயணிக்கு அது கண்ணில் படாது. தலைக்கு மேல் சிறகு, வயிற்றுப் பக்கப் புடைப்பிலிருந்து சில்லு என்றால் அது நோர்ட் 262. பிரான்சில் செய்தது, இருபத்தைந்து, முப்பது பேர் போகலாம்.

கேள்வி (உட்துறைமுக வீதி): மன்னிக்கோணும் ஐயா, ஏர் சிலோனிட்ட நோர்ட் இருந்ததே இல்லை. நான் எழுபதுகளில எத்தனையோ தரம் போய் வந்தவன். எல்லாம் அவ்ரோ.

பதில்: இருந்தது, தம்பி. ஒன்றே ஒன்று. அதன் எஞ்சின் மூடியை இந்தக் கையால் திறந்திருக்கிறேன். ஒன்றே இருந்ததால் பலருக்கு அது கண்ணில் படவில்லை.

கேள்வி (அதே ஆள்): அப்ப சத்தம்? நான் கேட்டது காதைக் கிழிக்கிற கீச்சுச் சத்தம். அது அவ்ரோதானே?

பதில்: நீங்கள் கேட்டது அவ்ரோதான். கன்னியாத் தங்கச்சி வந்தது நோர்ட். இரண்டும் உண்மையாக இருக்கலாம். அவ்ரோவில் இருந்தது ரோல்ஸ் ரொய்ஸ் டார்ட் எஞ்சின். வைக்கவுண்ட், ஃபொக்கர் ஃபிரெண்ட்ஷிப் என்ற விமானங்கள் இரண்டிலும் அதே எஞ்சின்தான். தரையில் நிற்கும்போது அதன் கீச்சு பல்லைக் கூச வைக்கும். டகோட்டா அப்படி இல்லை, அடித்தொண்டையில் உறுமும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எது எதுவென்று சொல்லிவிடலாம்.

கேள்வி (சாம்பல்தீவு): என்ர அண்ணரும் சிறகு மேல எண்டுதான் சொல்லுறார். ஆனா அவர் போனது பலாலிக்கு, ஃபொக்கர் எண்டு சாதிக்கிறார்.

பதில்: இப்போது மூன்றாவது கட்சியும் வந்துவிட்டது. அண்ணரிடம் ஒன்று கேளுங்கள்: சில்லு எங்கிருந்து வந்தது? ஃபொக்கருக்கு எஞ்சினுக்குள் இருந்து நீண்ட கால் இறங்கும், கொக்கின் கால் போல. நோர்ட்டுக்குச் சில்லு உடம்போடு ஒட்டியிருக்கும். சிறகு, சில்லு, சத்தம். இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் பெயர் சொல்ல வேண்டும். பெயரை முதலில் முடிவு செய்துவிட்டு நினைவை அதற்குள் தள்ளக் கூடாது.

கேள்வி (நிலாவெளி): லண்டன் டகோட்டாவிலயா போனவை?

பதில்: இல்லை. 1949-இல் அவுஸ்திரேலிய நிறுவனம் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து டிசி-4 ஸ்கைமாஸ்டரில் ஒரு பக்கம் லண்டனுக்கும் மறுபக்கம் சிட்னிக்கும் பறந்தார்கள். 1956-இல் கூட்டாளி மாறி கே.எல்.எம் என்ற நெதர்லாந்து நிறுவனம் வந்தது, கூடவே கொன்ஸ்டலேஷன் வந்தது. மூன்று வால் உள்ள விமானம் அது. ஒரே உயரமான வால் வைத்தால் அக்கால ஹாங்கருக்குள் நுழையாது என்பதால் மூன்றாகப் பிரித்து வைத்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது போய்விட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

கேள்வி (கிண்ணியா): கொழும்புக்கு முதல் ஜெட் எப்ப வந்தது?

பதில்: பி.ஓ.ஏ.சி என்ற பிரித்தானிய நிறுவனத்தின் கொமெட், 1952 ஆகஸ்ட் 11-இல் லண்டனிலிருந்து சேவையைத் தொடங்கியது. உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவை அதே வருடம் மே 2-இல் ஜொகன்னஸ்பேர்க்குக்கு. மூன்று மாதம் கழிந்ததும் நம் நாடு. 1954-இல் இரண்டு கொமெட்கள் கடலில் விழுந்தன. உலோகம் களைத்துப் பிளந்ததுதான் காரணம். அந்தப் பாடம் எல்லா விமானத்துக்கும் போய்ச் சேர்ந்தது. ஏர் சிலோன் பிறகு 1962-இல் கொமெட் 4-ஐ வாடகைக்கு எடுத்தது.

கேள்வி (பாலையூற்று): ஏர் சிலோன் டிக்கட் ஒண்டு என்னட்டையும் இருக்கு. விலை?

பதில்: மூதூர்க்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

கேள்வி (சீனக்குடா): அணுகுண்டு போட்ட பிளேன் எங்கட சீனக்குடாவில இருந்துதான் போனது எண்டு சொல்லுறாங்கள். சரியா?

பதில்: பிழை. அது 1945-இல் பசிபிக்கிலுள்ள டினியன் தீவிலிருந்து போனது. நம் ஊரிலிருந்து போனதும் அதே வகை அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம், பி-29தான், ஆனால் 1944 ஆகஸ்ட் 10-இல், சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு. அதற்காகச் சீனக்குடா ஓடுபாதையை 7,200 அடியாக நீட்டினார்கள். ஐம்பத்து நான்கு விமானங்கள் எழும்பின. போர் விமானம் பற்றி இனி வேறு யாரிடமாவது கேளுங்கள். நான் பயணிகள் விமானத்து ஆள்.

கேள்வி (கோணேசபுரி): தண்ணியில இறங்குற பிளேனில பயணிகள் போனவையா?

பதில்: போனார்கள். கொக்கலை வாவியிலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த்துக்கு, 1943 முதல் 1945 வரை, குவாண்டாஸ் கட்டலீனா. எங்கும் நிற்காமல் 27 மணி முதல் 33 மணி வரை. வழியில் இரண்டு தடவை சூரியன் உதிக்கும். எரிபொருள் பாரத்தால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. ஜப்பானியர் கண்ணில் படாமல் இருக்க ரேடியோவையும் பேசாமல் வைப்பார்கள். நட்சத்திரத்தைப் பார்த்தே வழி பிடித்தார்கள்.

கேள்வி (உவர்மலை): ஐயா ட்ரைடன்ட்டைப் பற்றி ஒரு வரி.

பதில்: 1969-இல் ஏர் சிலோனுக்கு வந்த ஒரே ஒரு ட்ரைடன்ட் ஜெட். மூக்குச் சில்லு நடுவில் இருக்காது, இடப்பக்கம் தள்ளியிருக்கும். தானாகத் தரையிறங்கும் கருவிகளுக்கு இடம் விடத்தான். நேர் முன்னால் நின்று பார்த்தால் ஏதோ பிழையாகப் பூட்டியிருக்கிறார்கள் என்றே தோன்றும்.

கேள்வி (ஆனந்தபுரி): ஏர் சிலோன் ஏன் மூடினது? டிக்கட் விலையும் சொல்லுங்கோ.

பதில்: டிக்கட் விலை மூன்றாம் முறை. சொல்ல மாட்டேன், இனிக் கேட்காதீர்கள்.

மூடியதைப் பற்றி: 1978 செப்டம்பர் 7-இல் 4ஆர்-ஏசிஜே என்ற பதிவெழுத்துள்ள அவ்ரோ (4ஆர் என்றால் நம் நாட்டு விமானம்) ரத்மலானையில் தரையில் நிற்கும்போது குண்டு வெடித்து எரிந்தது. உயிரிழப்பு இல்லை. நான் பூட்டிய எஞ்சின் அதில் இருந்தது. நிறுவனம் அதற்கு முன்பே தள்ளாடிக்கொண்டிருந்தது. 1979 செப்டம்பர் 1-இல் இரண்டு போயிங் 707-களோடு ஏர் லங்கா பறக்கத் தொடங்கியது. அந்த நாட்களைப் பற்றி இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

கேள்வி (தம்பலகாமம்): லெமினேட் ஏன் வேண்டாம் அங்கிள்?

பதில்: நான் டகோட்டாவின் சக்கரத்தடியில் நிற்கும் படம் ஒன்று இருந்தது. ஒரு கடையில் கொடுத்து லெமினேட் செய்தேன். சூட்டில் படத்தின் மேல்படலம் பிளாஸ்டிக்கோடு ஒட்டிவிட்டது. பிறகு குமிழி வந்தது. பிரிக்கப் பார்த்தபோது என் முகம் பிளாஸ்டிக்கோடு வந்தது, விமானம் மட்டும் காகிதத்தில் மிஞ்சியது. ஒட்டும் பக்கமுள்ள அல்பமும் கூடாது. காகித உறையில் போடுங்கள். பின்பக்கம் மெதுவாகப் பென்சிலால் திகதி, இடம், யார் யார் என்று எழுதுங்கள். பேனை மை ஊறும்.

கேள்வி (கன்னியா): அண்ணை, அம்மா படத்தைத் தேடி எடுத்திட்டா. பிளேனுக்குப் பக்கத்தில அப்பா நிக்கிறார். சிறகு அவருக்கு மேலதான், நிழல் அவற்ற தலையில விழுந்திருக்கு. உடம்பில 4ஆர் எண்டு இருக்கு, மிச்சம் நிழலுக்குள்ள.

பதில்: அப்பா உயரமான ஆளா, தங்கச்சி? கதவுக்கும் அவருக்கும் உள்ள உயரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சில்லுக்குப் பக்கத்தில் உடம்பில் ஒரு புடைப்புத் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் அது அந்த ஒரே நோர்ட்தான். உட்துறைமுக வீதித் தம்பிக்கும் காட்டுங்கள். படத்தைக் கடைக்குக் கொடுத்துவிட வேண்டாம். வெளிச்சமான இடத்தில் வைத்து கைபேசியில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், நிழலுக்குள் இருக்கும் எழுத்தைப் பெருப்பித்துப் பார்க்கிறேன்.