‘நிப்பான்’ பூச்சாடி: முத்திரையை நம்பி வாங்கலாமா?

கேள்வி: இணைய ஏலத்தில் கையால் வண்ணம் தீட்டிய ஜப்பானியப் பீங்கான் பூச்சாடி ஒன்று வந்திருக்கிறது. அடியில் பச்சை நிற இலை வளையம், நடுவே ‘எம்’, கீழே ‘நிப்பான்’ (ஜப்பானிய மொழியில் ஜப்பானின் பெயர்). 1880-ம் ஆண்டுப் பொருள் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: 1880 என்பது தவறு. தயாரான நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்ற அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டத்தால் 1891-ல் வந்ததுதான் ‘நிப்பான்’ முத்திரை. 1921-ல் ‘ஜப்பான்’ என்றே போடச் சொல்லிவிட்டார்கள். ‘எம்’ என்பது மோரிமுரா என்ற ஜப்பானிய நிறுவனம்; அந்த வளைய முத்திரை 1911 வாக்கில் தொடங்கியது. ஆக, அசலாகவே இருந்தாலும் விற்பவர் சொல்வதைவிட முப்பது வருடமாவது இளையது.

அசல்தானா என்பது தனிக் கேள்வி. முதலில் வந்த போலிகளில் வளையம் தலைகீழாக இருக்கும், ‘எம்’ இருக்கவேண்டிய இடத்தில் மணல் கடிகார உருவம் இருக்கும். சேகரிப்பாளர்கள் இதைக் கண்டுகொண்டதும் போலிக்காரர்களும் திருத்திக்கொண்டார்கள்! அதனால் முத்திரையைக் கடைசியில் பாருங்கள். முதலில் பொருளைப் பாருங்கள். போலி பெரும்பாலும் கனமாக, தடித்த சுவரோடு இருக்கும்; பொன்பூச்சு பளபளவென்று மின்னும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் படம் புள்ளி புள்ளியாகப் பிரிந்தால் அது அச்சு ஸ்டிக்கர். கோடு மட்டும் அச்சாகி, வண்ணம் கையால் நிரப்பியிருந்தால் பயப்பட வேண்டாம், அசலிலும் அது உண்டு.

மோரியாகே என்னும் புடைப்பு வேலை இருந்தால் கவனம் கூடுதலாக வேண்டும். மருதாணிக் கோனில் பிழிவதுபோல் களிமண் கூழைப் பிழிந்து செய்வது அது. சொட்டுகள் எளிதில் உதிரும். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். விளிம்பு, கைப்பிடி, அடிப்பாகம் மூன்றையும் புற ஊதா விளக்கில் காட்டச் சொல்லுங்கள். ஒட்டி, பெயிண்ட் பூசிய இடம் வேறு நிறத்தில் ஒளிரும். மயிரிழை விரிசல் இருந்தால் விலை பாதியாகக் குறைந்தாலும் ஆச்சரியமில்லை. ‘பழுது தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்’ என்று எழுத்தில் தராதவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: ‘நிப்பான்’ முத்திரைக் காலத்துப் பழைய கோப்பையில் தேநீர் குடிக்கலாமா?

பதில்: வேண்டாம். பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கலாம். அலமாரியில் வையுங்கள். சுத்தம் செய்ய வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, பஞ்சு போதும். பிளீச், பாத்திரம் கழுவும் இயந்திரம் இரண்டுமே பொன்பூச்சைக் கெடுத்துவிடும். மைக்ரோவேவில் வைத்தால் தீப்பொறியே பறக்கும்.