களையாகப் பிடுங்கும் கோரைக்கிழங்கை மருந்தாகப் பயன்படுத்தலாமா?

கேள்வி: தோட்டத்தில் களை எடுக்கும்போதெல்லாம் கோரைக்கிழங்கு கொத்துக் கொத்தாக வருகிறது. வயிற்றுக்கு நல்லது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அடிக்கடி அஜீரணமும் பேதியும் வரும். இதை எப்படிச் சாப்பிடுவது? இரண்டு வயதுக் குழந்தைக்கும் கொடுக்கலாமா?

பதில்: பெரியவர்கள் சொன்னது சரிதான். முத்தக்காசு என்றும் சொல்லப்படும் இந்தக் கிழங்கு சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் வயிற்றுக்கான முக்கியமான சரக்கு. ஆனால் உங்கள் கையில் இருப்பது அந்தக் கிழங்குதானா, எந்த மண்ணில் விளைந்தது என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

தண்டை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். மூன்று விளிம்புகள் தட்டுப்படும், உள்ளே கெட்டியாக இருக்கும். புல்லின் தண்டு அப்படியல்ல. உருண்டையாக, கணுக்களோடு இருக்கும். அப்புறம் மண்ணைக் கிளறிப் பாருங்கள். மருந்துக் கோரையின் கிழங்குகள் மெல்லிய வேர்த்தண்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது போல வரும். மேல்தோல் கருப்பு கலந்த பழுப்பு. நறுக்கினால் உள்ளே வெளுப்பாக இருக்கும், கற்பூரம் கலந்தாற்போன்ற வாசனை மூக்கில் ஏறும். வாயில் வைத்தால் கசப்பும் துவர்ப்பும் தெரியும். கிழங்கு தனித்தனியாக வேர் நுனியில் தொங்கி, தின்றால் இனிப்பாக இருந்தால் அது வேறு இனம். உணவாகும், இந்த மருந்துக்கு ஆகாது. பாய் முடையும் கோரையும் வேறுதான்.

மண் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். இந்தச் செடி மண்ணில் இருக்கும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளக்கூடியது. சாக்கடை நீர் பாயும் இடம், சாலையோரம், களைக்கொல்லி அடித்த நிலம் ஆகியவற்றில் எடுத்த கிழங்கு எவ்வளவு மணமாக இருந்தாலும் வேண்டாம். உங்கள் தோட்டத்தில் களைக்கொல்லி தெளித்திருந்தால், அங்கே எடுத்ததை விட்டுவிட்டு நம்பகமான இடத்தில் காய்ந்த கிழங்காக வாங்குங்கள். பொடியாக வாங்காதீர்கள், பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் தெரியாது.

கிழங்கை நன்றாகக் கழுவி, மேலே இருக்கும் நார்களை லேசாகத் தீயில் காட்டிப் பொசுக்கித் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நறுக்கி நிழலில் காயவையுங்கள். சுள்ளென்ற வெயிலில் போட்டால் வாசனை எண்ணெய் பறந்துவிடும். மருந்துக் குணத்தில் ஒரு பங்கு அந்த எண்ணெயில் இருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது கஷாயம். இடித்த கிழங்கு 5 கிராம், சிறு துண்டு சுக்கு, 400 மில்லி தண்ணீர். 100 மில்லியாக வற்றும்வரை சிறு தீயில் கொதிக்க வைத்து வடிகட்டி, காலை பாதி, மாலை பாதி, சாப்பாட்டுக்கு முன் குடியுங்கள். கோரைக்கிழங்கும் சுக்கும் சேர்வது செரிமானக் கோளாறால் வரும் பேதிக்குப் பழைய மருத்துவத்தில் நிலைத்துவிட்ட கூட்டு. மூன்று நாளில் குறையவில்லை என்றால் கஷாயத்தை நீட்டிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அடிக்கடி பேதி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் காரணத்தைக் கண்டுபிடிப்பது கஷாயத்தைவிட அவசியம். மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு இந்தத் துவர்ப்பு ஒத்துவராது.

காய்ச்சலிலும் இதற்குத் தனி மரியாதை உண்டு. காய்ச்சலோடு வரும் தாகத்துக்கு ஆயுர்வேதம் சொல்லும் ஷடங்க பானீயத்தில் ஆறு சரக்குகள். அதில் முதலில் சொல்லப்படுவதே கோரைக்கிழங்கு. பற்பாடகம், வெட்டிவேர், சந்தனம், சுக்கு எல்லாம் அதன் கூட வருபவை. சீன மருத்துவம் இதே கிழங்கை மாதவிடாய் வலிக்குக் கொடுக்கிறது. குளியல் பொடியிலும் வாசனைக்காகச் சேர்ப்பார்கள். பூசினால் முடி நிரந்தரமாக உதிர்ந்துவிடும் என்ற பேச்சை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

கர்ப்பிணிகள் இதை உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். விலங்கு ஆய்வுகளில் இது ரத்தச் சர்க்கரையைக் குறைப்பது தெரிந்திருக்கிறது.

குழந்தைக்கு? நீங்களாகக் கொடுக்காதீர்கள். இரண்டு வயதில் பேதி வந்தால் ஆபத்து உடம்பில் நீர் வற்றுவதுதான், அதைக் கிழங்கு ஈடுகட்டாது. ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். பாக்கெட் கிடைக்காவிட்டால் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கரையுங்கள். தாய்ப்பாலையும் வழக்கமான சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். துத்தநாகச் சொட்டு மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்கலாம். மலத்தில் ரத்தம், கண் குழிவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, குடித்ததெல்லாம் வாந்தியாவது, குழந்தை துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.