ரோபோ பேட்டரி: பையிலா, பெட்டியிலா?

கேள்வி: ரோபோ வார் போட்டிக்கு விமானத்தில் மும்பை போகிறோம். 22.2 வோல்ட், 5000 எம்ஏஎச் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி நான்கு இருக்கின்றன. ரோபோ போகும் செக்-இன் பெட்டியிலேயே வைத்துவிடலாமா?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: கூடவே கூடாது. கழற்றி எடுத்துப்போகும் லித்தியம் பேட்டரிக்குக் கைப்பைதான் இடம். கேபினில் புகைந்தால் பணியாளர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பார்கள். கீழே சரக்கு அறைக்கு யார் போவது?

அடுத்து வாட்-மணிக் கணக்கு, அதாவது பேட்டரியில் அடங்கும் ஆற்றல். 5000 எம்ஏஎச் என்பது 5 ஆம்பியர்-மணி. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள்: 22.2 × 5 = 111. பொது விதிப்படி 100 வரை அனுமதி கேட்க வேண்டாம். 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், அதுவும் ஆளுக்கு இரண்டுதான். ஆகவே இரண்டு பேர் பிரித்துக்கொள்ளுங்கள். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். சில நிறுவனங்கள் இன்னும் கறாராக இருக்கும். அடுத்த முறை 4500 எம்ஏஎச் வாங்கினால் கணக்கு 99.9, இந்த அலைச்சலே மிச்சம். லேபிள் அழிந்த பேட்டரியோடு பாதுகாப்புச் சோதனையில் வாதாடிப் பயனில்லை.

முழு சார்ஜில் கொண்டுபோகாதீர்கள். சார்ஜரில் ‘ஸ்டோரேஜ்’ (சேமித்து வைக்கும் நிலை) வைத்தால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில், அதாவது ஆறு செல்லுக்கும் மொத்தம் 22.8 வோல்ட் அருகே நிற்கும். மின்சாரம் எடுக்கும் முக்கிய முனையான எக்ஸ்டி கனெக்டருக்கு மூடி போடுகிறவர்கள், ஒவ்வொரு செல்லிலிருந்தும் வரும் பேலன்ஸ் வயரை மறந்துவிடுகிறார்கள். அதன் பின்கள் ஒன்றோடொன்று பட்டாலும் ஷார்ட்தான், அந்த மெல்லிய வயர் உடனே உருகும். அதையும் டேப்பால் மூடி, ஒவ்வொரு பேட்டரியையும் தனிப் பையில் போடுங்கள். உப்பியது வீட்டோடு இருக்கட்டும்.

போட்டி இடத்தில் 5 ஆம்பியரில், எல்லா செல்லும் சமமாக ஏறும் பேலன்ஸ் முறையில், தீ தாங்கும் பைக்குள் வைத்து சார்ஜ் செய்யுங்கள். பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும். சண்டை முடிந்து சூடாக வந்த பேட்டரியை ஆறவிடாமல் சார்ஜரில் மாட்டாதீர்கள்.

கேள்வி: மகளின் ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் (பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டி) அணியில் 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி 12.8 காட்டுகிறது. ஆனாலும் வேகமெடுத்தால் ரோபோ திணறுகிறது. ஏன்?
– வாசகி, டல்லாஸ்

பதில்: சும்மா இருக்கும்போது காட்டும் வோல்ட்டை நம்பக் கூடாது. மோட்டார்கள் ஒரே நேரத்தில் இழுக்கையில் வோல்ட் சரிந்தால், ரோபோவை இயக்கும் கணினியான ரோபோரியோ மோட்டார்களைத் துண்டித்துவிடும். ரோபோரியோவின் முதல் மாடலில் அந்த எல்லை 6.3 வோல்ட். முதலில் டெர்மினல் போல்ட்டைப் பாருங்கள். கம்பி முனை கையால் அசைந்தாலே தளர்வு; ஸ்பேனரால் இறுக்கி டேப் சுற்றுங்கள். ஆறு கிலோ பேட்டரியை வயரைப் பிடித்துத் தூக்குவதால்தான் பெரும்பாலும் இது தளர்கிறது. இறுக்கியும் திணறினால் பேட்டரியின் உள் மின்தடையை அளந்து பாருங்கள். மற்றவற்றைவிட அதிகமாக இருப்பதைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடலாம். சார்ஜர் 6 ஆம்பியரைத் தாண்டக் கூடாது. கீழே விழுந்து விரிசல் விட்டது அமிலம் கசியும்; சமையல் சோடாவைத் தூவி ஒதுக்குங்கள்.

இந்த பேட்டரி விமானத்துக்கும் ஆகாது. 12 வோல்ட் × 18 ஆம்பியர்-மணி = 216 வாட்-மணி; பயணி கொண்டுபோகும் கசியாத லெட்-ஆசிட் பேட்டரிக்கு வரம்பு 100. விமானத்தில் வரும் அணிகள் போட்டி நடக்கும் ஊரில் இரவல் வாங்கிக்கொள்வது அதனால்தான்.