வாசகர் கேள்வி-பதில்: யாருடைய வாழ்க்கையைப் படிக்கலாம்?

கே: தன்வரலாறு என்று எதை எடுத்தாலும் சுயபுராணமாக இருக்கிறது. புதிதாக வந்ததில் அப்படி இல்லாத ஒன்றைச் சொல்லுங்களேன்.

ப: அருந்ததி ராய் 2025-இல் வெளியிட்ட 'மதர் மேரி கம்ஸ் டு மீ'. தன் அம்மா மேரி ராயைப் பற்றி எழுதியிருக்கிறார். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்கும் தந்தை சொத்தில் சம பங்கு உண்டு என்று 1986-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வாங்கியவர், பள்ளிக்கூடம் தொடங்கி நடத்தியவர், ஊரே மெச்சிய மனுஷி. பெற்ற பிள்ளைகளிடம் மட்டும் அப்படியொரு கோபம். அவர் நடத்திய பள்ளியில் மற்ற பிள்ளைகளைப் போல மகளும் அவரை 'மிஸஸ் ராய்' என்றுதான் கூப்பிட வேண்டும். அம்மா மீது பாசம் இல்லாமல் பிரியவில்லை, பாசம் நீடிக்க வேண்டுமென்றே 18 வயதில் பிரிந்தேன் என்கிறார். அம்மாவுக்காக வாதாடவும் இல்லை, கணக்குத் தீர்க்கவும் இல்லை. எழுதியவருக்கே சங்கடம் தரக்கூடிய பக்கங்கள் இருக்கின்றனவா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன், இதில் நிறையவே இருக்கின்றன.

அப்புறம் சல்மான் ருஷ்டியின் 'நைஃப்' (2024). 2022 ஆகஸ்ட் 12 அன்று நியூயார்க் மாநிலத்தில் மேடையில் கத்தியால் குத்தப்பட்டு வலது கண்ணை இழந்தவர். 2012-இல் வந்த முந்தைய தன்வரலாற்றில் தன்னையே 'அவன்' என்று வெளியே நிறுத்தி எழுதியிருந்தார். இதில் 'நான்'. உடம்பில் கத்தி இறங்கிய பிறகு வேறு எப்படி எழுதுவது? குத்தியவனின் பெயரைக் கடைசிவரை சொல்லாமல், அவனோடு கற்பனையில் ஓர் உரையாடலே நடத்துகிறார். அந்த அத்தியாயத்துக்காகவே வாங்கலாம்.

கே: அவரே எழுதியதை நம்புவதா, அவரைப் பற்றி இன்னொருவர் எழுதியதையா?

ப: உள்ளே என்ன ஓடியது என்று அவரால்தான் சொல்ல முடியும். நடந்தது என்ன என்பதற்குக் காகிதங்களைத் தோண்டும் ஆள் வேண்டும். ஜொனாதன் ஐக் எழுதிய 'கிங்: எ லைஃப்' (2023) இதற்கு நல்ல உதாரணம். மார்ட்டின் லூதர் கிங்கின் வாழ்க்கை வரலாறு, புலிட்சர் பரிசும் பெற்றது. 1965 ஜனவரியில் 'பிளேபாய்' பத்திரிகையில் வந்த பேட்டியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸைக் கிங் கடுமையாகச் சாடியதாக இருக்கும், இருவரும் எதிரெதிர் துருவங்கள் என்பதற்கு அதைத்தான் பல காலம் மேற்கோள் காட்டி வந்தார்கள். ஐக், டியூக் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் அந்தப் பேட்டியின் மூலப் பிரதியை எடுத்துப் பார்க்கிறார். அச்சில் வந்த கடுமையான வரிகள் அதில் அப்படி இல்லை. வேறு கேள்விக்குச் சொன்ன பதிலிலிருந்து ஒரு துண்டு இங்கே ஒட்டப்பட்டிருக்கிறது, இன்னொரு வரி பிரதியிலேயே இல்லை. பேட்டி எடுத்தவர் அலெக்ஸ் ஹேலி, மால்கம் எக்ஸின் தன்வரலாற்றை அவரோடு சேர்ந்து எழுதியவரும் அவரேதான்! ஒரு காப்பகப் பெட்டியைத் திறந்து பார்த்ததில் இரண்டு தலைவர்களின் உறவே வேறு மாதிரி தெரிகிறது. முடிந்தால் இரண்டு வகையையும் அடுத்தடுத்துப் படியுங்கள்.

கே: தொழிலில் ஜெயித்தவர்களின் கதை?

ப: பில் கேட்ஸின் 'சோர்ஸ் கோட்' (2025). மைக்ரோசாஃப்ட்டின் ஆரம்ப நாட்களோடு நின்றுவிடுகிறது, அதனாலேயே நன்றாக இருக்கிறது. பள்ளி வயதில் மலையேறும்போது மனசுக்குள்ளேயே புரோகிராம் எழுதிப் பார்த்ததையும், உயிர் நண்பனைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்ததையும் படித்துவிடுங்கள்.

கே: பிரபலங்களே வேண்டாம் எனக்கு.

ப: சரி, குளோயி டால்டனின் 'ரெய்சிங் ஹேர்' (2024). ஊரடங்கு நாட்களில் பாதையில் கிடந்த ஒரு காட்டு முயல்குட்டியை எடுத்து வளர்த்த கதை. கூண்டில் அடைக்கவில்லை, பெயரும் வைக்கவில்லை. அது தோட்டச் சுவரைத் தாண்டி வயலுக்குப் போகும், தானாகத் திரும்பி வரும்.

கே: பாதியில் அலுத்தால் விட்டுவிடலாமா?

ப: தாராளமாக. ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸி நவால்னியின் 'பேட்ரியட்' மட்டும் விதிவிலக்கு. முதல் பாதி, 2020-இல் விஷம் வைக்கப்பட்டதில் தொடங்கி விறுவிறுவென்று ஓடும். பின்பாதி சிறை நாட்குறிப்பு என்பதால் சொன்னதே திரும்ப வரும், நடை மெதுவாகும். ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள், தினம் சில பக்கங்கள் போதும். 2024 பிப்ரவரியில் சிறையிலேயே அவர் இறந்த பிறகுதான் புத்தகம் வந்தது.