நடக்க முடியாத மகளின் ஆசைகளை வளர்க்கலாமா, அடக்கி வைப்பது நல்லதா?

உங்கள் மகளுக்கு 9 வயது, தசை நோய் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு 36. எஸ்.எம்.ஏ. இரண்டாம் வகை. தசைகளை ஏவுகிற நரம்பணுக்கள் முதுகுத்தண்டில் கொஞ்சம் கொஞ்சமாக அழியும் பிறவிக் கோளாறு. உட்காருவேன், நடந்ததே இல்லை. வலது கையில் இரண்டு விரல்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். இந்தப் பதிலையும் அவைதான் தட்டுகின்றன.

தாராளமாக வளருங்கள் அக்கா. ஆனால் ‘மனமிருந்தால் மார்க்கமுண்டு’ என்று மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள். மனம் எனக்கு எப்போதும் இருந்தது. பள்ளி வாசலில் நான்கு படியும் இருந்தது.

24 வயதில் போச்சா விளையாடப் போனேன். 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிற ஆட்டம். முதலில் ஒரு வெள்ளைப் பந்து போகும். அதை ஒட்டி யாருடைய பந்து நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. என்னைப் போல் எறிய முடியாதவர்கள் சரிவான தாங்கியில் பந்தை உருட்டிவிடலாம். தாங்கியை நகர்த்த ஓர் உதவியாளர் உண்டு, என் தம்பிதான். ஆனால் அவர் களத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும், ஆட்டத்தின் நடுவே திரும்பிப் பார்க்கவே கூடாது. விதியே அப்படி.

தம்பிக்கு முதல் வாரம் கை சும்மா இருக்கவில்லை. “இப்படி வச்சா படும்க்கா” என்று அவனே நகர்த்துவான். பயிற்சியாளர் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி உட்கார வைத்தார். “இடது... இன்னும் ஒரு நூல்... போதும்” என்று நான் சொல்ல, அவன் சுவரைப் பார்த்தபடி நகர்த்தினான். பந்து தப்பாகப் போனது. ஆனால் அது என் தப்பு. அதுவரை தப்பு செய்யக்கூட எனக்கு வாய்ப்புக் கிடைத்ததில்லை.

நாட்டுக்காக ஆடும் ஆசை நிறைவேறவில்லை, தேர்விலேயே தோற்றேன். வருத்தம் இன்னும் உண்டு. சரி, அது போகட்டும். வீட்டிலிருந்தே மலாய் – தமிழ் மொழிபெயர்ப்பு செய்து, இரண்டு வருடம் காசு சேர்த்து மின்சார நாற்காலி வாங்கினேன். முதல் வேலையாக, கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் கோமுட்டர் ரயில் ஏறித் தனியாகப் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போனேன். ரயில் வாசல் இடைவெளியில் சக்கரம் மாட்டியது. ஒரு பையன் ஓடிவந்தான். எங்கே பிடிக்க வேண்டும், எப்போது தூக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். 272 படி நமக்கு ஆகாது. ஆனால் முருகன் நம்மைப் போன்றவர்களுக்காகவே கீழேயும் 140 அடி உயரச் சிலையாக நிற்கிறார்!

மகளுக்கு ஓ.கே.யூ. அட்டை, அதாவது மலேசிய அரசின் மாற்றுத்திறனாளி அட்டை, இல்லையென்றால் சமூக நல இலாகாவில் முதலில் பதிந்துவிடுங்கள். 2008இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் நமக்கு உரிமைகள் எழுதியிருக்கிறது. மீறினால் தண்டனை என்றுதான் எழுதவில்லை. அதனால் வாயும் கொஞ்சம் வேண்டியிருக்கும், அதையும் பழக்குங்கள்.

போன தீபாவளிக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் புடவை எடுக்கப் போனோம். கடைக்காரர் வழக்கம்போல் என் தலைக்கு மேல் பார்த்து, “பிள்ளைக்கு என்ன கலர்மா பிடிக்கும்?” என்று அம்மாவைக் கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. தம்பி மாதிரியே முதுகைக் காட்டித் திரும்பி, தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.