ஒல்லியாக இருந்தும் எனக்கு ஏன் சர்க்கரை?

கேள்வி: வயது 52, எடை 58 கிலோ. குறுவை, சம்பா இரண்டும் போடுகிறேன். வயலுக்குப் போகாத நாள் இல்லை. ஆனாலும் சர்க்கரை இருக்கிறது, ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பும் தெரிகிறது. 90 கிலோ எடையுள்ள அண்ணனுக்கு ஒன்றுமில்லை. வேறு வகை செல்களாக மாறக்கூடிய மூல செல்லான ஸ்டெம் செல்லுக்கு அழுத்தம் வந்தால் அது கொழுப்பு செல்லாக மாறாது என்று படித்தேன். மாறாவிட்டால் நல்லதுதானே டாக்டர்?
– ஒரு வாசகர், நீடாமங்கலம்

பதில்: நல்லதில்லை ஐயா. கும்பகோணத்தில் என்னிடம் வரும் சர்க்கரைக்காரர்களில் உங்களைப் போன்றவர்கள் நிறைய. கைகால் மெலிந்திருக்கும், வயிறு மட்டும் முன்னால் நிற்கும்.

தோலுக்கடியில் உள்ள கொழுப்பு செல்கள், மிச்சமாகும் சத்தைப் பத்திரப்படுத்தும் இடம். கொள்முதல் நிலையத்தில் இடமில்லாவிட்டால் நெல் ரோட்டில் கிடந்து நனைவதைப் பார்த்தவர்தானே நீங்கள்? இங்கும் இடம் போதாவிட்டால் கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் சேரும். அப்புறம் இன்சுலின் சொன்னதை அவை கேட்காது, ரத்தத்தில் சர்க்கரை ஏறும்.

புதிய கொழுப்பு செல் ஸ்டெம் செல்லிலிருந்துதான் வரவேண்டும். பிபிஏஆர் காமா என்ற புரதம்தான் அதை முடுக்கிவிடுகிறது. செல்லுக்குள் புரதங்களை மடித்து உருவாக்கும் பகுதியில் வேலை தேங்கினால், அது ஒரு வகை அழுத்தம். கொஞ்சமாக இருந்தால் செல் சமாளிக்கும். அந்தச் சமாளிப்பில் இறங்கும் எக்ஸ்பிபி1 என்ற புரதம் கொழுப்பு செல் உருவாகவும் உதவுகிறது. அழுத்தம் நீடித்தால் சாப் என்ற வேறொரு புரதம் பெருகி மாற்றத்தையே தடுக்கும். அப்புறம் பழைய செல்கள்தான் ஊதிப் பெருத்து அழற்சிக்குள்ளாகும்.

கொழுப்புத் திசுவே ஏறக்குறைய இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் அபூர்வமாக உண்டு. அவர்களுக்குக் கடுமையான சர்க்கரை நோய் வருகிறது. மறுபக்கம், பயோகிளிட்டசோன் மாத்திரை பிபிஏஆர் காமாவைத் தூண்டுகிறது. எடை சற்று ஏறும், சர்க்கரை இறங்கும்! அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எடை ஏறுகிறதே என்று தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ மட்டும் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

உங்களுக்கும் இதுதான் காரணம் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். ஒல்லியானவர்கள் சிலருக்குக் கணையமே இன்சுலினைக் குறைவாகச் சுரக்கும். அதை சி-பெப்டைட் பரிசோதனையில் பார்க்கலாம். இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எடை மெஷினை நம்பி இருந்துவிடாதீர்கள். அண்ணனுக்குத் தோலடியில் இடம் தாராளமாக இருக்கலாம், ஆனால் அதுவும் ஒருநாள் நிரம்பும். அவரையும் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க அழைத்துப் போங்கள்.